பள்ளி புராஜெக்டில் கரண்ட்: 9 வோல்ட்டைத் தாண்டாமல் கற்றுக்கொடுப்பது எப்படி

புதிதாக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்களா? இல்லை, கண்காட்சி வருகிறது, பிள்ளைகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் பொறுப்பை உங்களிடம் கொடுத்துவிட்டார்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். கடலூரில் பிள்ளைகளோடு பேட்டரியும் ஒயருமாகப் பல வருடம் புழங்கியதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் பென்சில் பேட்டரியோடு வேலை செய்யும் பிள்ளைக்கு உயிராபத்தான ஷாக் அடிக்காது, அடிக்கவும் வழியில்லை. ஆபத்து வருவது அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு. என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்த ஒரு பையன், டார்ச் பல்ப் எரிய வைப்பதில் அவ்வளவு கெட்டிக்காரன், விநாயகர் சதுர்த்திக்கு வீட்டில் சீரியல் செட் எரியவில்லை என்று எரியாத பல்பை வெட்டி எடுத்துவிட்டு, ஒயர் நுனியைப் பல்லால் சீவி முறுக்கி, டேப் சுற்றாமல் அப்படியே பிளக்கைச் சொருகிவிட்டான். பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்றிருந்ததாலோ என்னவோ, இரண்டு விரலில் தீக்காயத்தோடு தப்பித்தான். மறுநாள் கட்டோடு வந்து என்னிடம் கேட்டது இதுதான்: "மிஸ், நீங்கதானே ஒயரை முறுக்கிச் சேர்க்கலாம்னு சொல்லிக்கொடுத்தீங்க?"

அவன் சொன்னது சரி. முறுக்கிச் சேர்க்கச் சொல்லிக்கொடுத்தேன், எதில் முறுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. பேட்டரியில் கிடைத்த தைரியத்தை அவன் சுவர் பிளக் வரைக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து என் முதல் வகுப்பே மாறிவிட்டது.

முதல் நாள்: கோடு போடுங்கள்

கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் பென்சில் செல் 1.5 வோல்ட், யுஎஸ்பி 5 வோல்ட், சதுர பேட்டரி 9 வோல்ட் என்று எழுதுங்கள். வலது பக்கம் 230 வோல்ட், அது ஒன்று மட்டும். இடது பக்கம் இருப்பதை நாம் தொடலாம், பிரிக்கலாம், தப்பாக இணைத்துத் திருத்தலாம். வலது பக்கம் இருப்பதைப் பள்ளியிலும் சரி, வீட்டிலும் சரி, திறக்கவே கூடாது. ஸ்விட்ச் போடுவது, பிளக் சொருகுவது, பிடுங்குவது, இவ்வளவுதான் அதில் நமக்கு வேலை.

"ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுத் தொடலாமா மிஸ்?" என்று கட்டாயம் ஒரு கை உயரும். கூடாது, ஏன் என்றும் சொல்லுங்கள். வீட்டு ஒயரிங்கில் ஸ்விட்ச், கரண்ட் கொண்டுவரும் பேஸ் ஒயரில் இருக்க வேண்டும். யாரோ மாற்றி, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் போட்டிருந்தால், ஆஃப் செய்ததும் பல்ப் அணையும், ஆனால் ஹோல்டரில் பேஸ் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை, அதனால் கரண்ட் இல்லை என்பதும் சரியல்ல. டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன நியான் விளக்கு நம் உடம்பு வழியாகப் போகும் மிக நுண்ணிய கரண்டில் எரிகிறது, உயரமான காய்ந்த ஸ்டூலில் நின்றாலோ விளக்கே பழுதானாலோ கம்பியில் கரண்ட் இருக்கும்போதே எரியாமல் போகலாம். பிள்ளைகள் கையில் டெஸ்டர் கொடுப்பதையே நான் நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது வகுப்பு: ஈரக் கையும் மல்டிமீட்டரும்

பயமுறுத்துவதால் பிரயோஜனம் இல்லை. 'தொட்டால் செத்துடுவ' என்று எத்தனை முறை சொன்னாலும் ஒரு முறை தொட்டும் ஒன்றும் ஆகாமல் போய்விட்டால், அதன் பிறகு அந்தப் பிள்ளை உங்களை நம்பாது. எண்களைக் காட்டுங்கள், அதுவும் அவர்கள் உடம்பிலிருந்தே.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். தடையை, அதாவது ஓம், அளக்கும் நிலையில், ரேஞ்சை மேலே வைத்துவிட்டு, ஒரு மாணவியை இரண்டு முனைகளையும் இரண்டு கை விரல்களால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது 9 வோல்ட் பேட்டரிதான், ஆபத்தில்லை. காய்ந்த கை என்றால் பல லட்சம் ஓம் காட்டும், சில சமயம் ரேஞ்சையே தாண்டிவிடும். அதே பிள்ளை ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் விரலை நனைத்துவிட்டுப் பிடிக்கட்டும். எண் விழுவதை வகுப்பே வாயைப் பிளந்து பார்க்கும். அதற்குள் ஒவ்வொருவரும் தன் கையை அளக்க வேண்டும் என்று வரிசையில் வந்து நிற்பார்கள், நிற்கட்டும், அந்த ஒரு பீரியட் போனால் போகட்டும். வேர்த்த கைக்குத் தனி எண், நெயில் பாலிஷ் போட்ட விரலுக்குத் தனி எண் என்று அவர்களே கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் கணக்கு. 230 வோல்ட் தோலில் படும்போது தோலின் தடையே உடைந்துவிடும், அதோடு ஈரமும் இருந்தால் உடம்பின் தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வகுத்தல் 1000, அதாவது 230 மில்லி ஆம்பியர். இப்போது பக்கத்திலேயே இதை எழுதுங்கள்: 1 மில்லி ஆம்பியரில் சுர்ரென்று தெரியும். 10-ஐத் தாண்டினால் கைத் தசை இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. 30 போல ஆனால் மூச்சு சிரமப்படும். 100-க்குப் பக்கத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். கடைசியாக, அவர்கள் கையில் வைத்திருக்கும் சின்ன எல்இடியைத் தூக்கிக் காட்டிச் சொல்லுங்கள், இது எரிய 20 மில்லி ஆம்பியர் ஆகும் என்று. ஒரு எல்இடி எரியும் கரண்டில் ஒரு ஆளின் கை கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். இதைச் சொன்னதும் வகுப்பில் வரும் அமைதியை நான் வேறு எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை.

ஒரு முன்ஜாக்கிரதை: மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் என்று தனியாக ஒரு துளை இருக்கும். சிவப்பு ஒயரை அதில் சொருகி சுவர் பிளக்கில் வைத்தால் அது நேரடி ஷார்ட், கையிலேயே வெடிக்கும். மீட்டர் வாங்கியவுடன் அந்தத் துளையை டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

மூன்றாவது: பேட்டரியிலும் சூடு உண்டு

இடது பக்கம் ஷாக் இல்லை, ஆனால் சூடு இருக்கிறது. பள்ளியில் நாம் உண்மையில் சந்திக்கப் போவது இதைத்தான். ஒரு பென்சில் செல்லின் இரண்டு முனையையும் மெல்லிய ஒயரால் நேராக நீங்களே ஐந்து விநாடி இணைத்துவிட்டு, ஒயரைப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். நடுவில் பல்ப் இல்லாமல் கரண்ட் சும்மா ஓடினால் இப்படித்தான், இதற்குப் பெயர்தான் ஷார்ட். சதுர பேட்டரியின் இரண்டு முனையும் ஒரே பக்கம் இருப்பதால் அது இன்னும் மோசம், பாக்கெட்டில் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் போட்டால் தொடை சுடும் அளவுக்குப் போகும். பயன்படுத்தாதபோது முனையில் டேப் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.

லித்தியம் பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய போனிலிருந்து பிடுங்கியது, லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த உருளை செல், இவற்றைப் பிள்ளைகள் பொக்கிஷம் மாதிரி கொண்டுவருவார்கள். 3.7 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். ஷார்ட் ஆனால் அது கொடுக்கும் கரண்ட் பென்சில் செல்லைவிடப் பல மடங்கு, ஆணி குத்தினாலோ நசுங்கினாலோ தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரியை யாராவது கொண்டுவந்தால் வகுப்புக்குள்ளேயே எடுத்துவர விடாதீர்கள், வெளியே மண்ணில் தனியாக வையுங்கள். என் வகுப்பில் லித்தியம் வேண்டும் என்றால் மூடிய பவர் பேங்க் மட்டும்தான், அதன் யுஎஸ்பியில் வரும் 5 வோல்ட் எல்லாவற்றுக்கும் போதுமானது.

சின்ன வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் பட்டன் செல்லே வேண்டாம். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிதான், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

கை வேலைக்கு ஒரே ஒரு பழக்கம்

பேட்டரியைக் கடைசியில் இணை, முதலில் கழற்று. என் வகுப்பில் இதை மந்திரம் மாதிரி சொல்லவைப்பேன். சர்க்யூட் முழுக்கத் தயாராகி, பக்கத்து மாணவர் ஒருவர் விரலை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பின்தொடர்ந்து பார்த்து 'சரி' சொன்ன பிறகுதான் பேட்டரி உள்ளே போக வேண்டும். ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் கை வேறு எதற்கும் போவதற்கு முன் பேட்டரி வெளியே வர வேண்டும். 3 வோல்ட்டில் இது தேவையா என்றால், உயிருக்காகத் தேவையில்லை, பழக்கத்துக்காகத் தேவை. கடலூர் மாவட்டப் பிள்ளைகளுக்கு இதற்கு ஒரு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. நெய்வேலியில் 1962-லிருந்து பழுப்பு நிலக்கரி எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் அப்பாவோ மாமாவோ அந்த மாதிரி மின்நிலையத்தில் வேலை பார்க்கும் பிள்ளை இருக்கலாம். பெர்மிட் வாங்காமல், லைனை நிறுத்திப் பூட்டாமல் ஏன் எதையும் தொடுவதில்லை என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். அனுபவசாலிகளே அப்படித்தான் செய்கிறார்கள் என்று அப்பா வாயால் கேட்கும்போது அது நாம் நூறு முறை சொல்வதைவிட நன்றாக இறங்கும்.

எல்இடிக்கு, கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் போடாமல் 9 வோல்ட்டில் நேரடியாக வைத்தால் கருகிவிடும், சில சமயம் பட்டென்று தெறிக்கும். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போக மீதி 7, அதை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 350 ஓம், 470 ஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டால் நிம்மதி. இந்தக் கணக்கை அவர்களையே போடவையுங்கள்.

மறுக்க வேண்டிய புராஜெக்டுகள்

இன்ஸ்பயர் விருதுக்கு, அறிவியல் கண்காட்சிக்கு என்று பிள்ளைகள் இணையத்தில் பார்த்துவிட்டு வருவார்கள். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அள்ளிக்கொண்டு வந்த பழைய மோட்டார், சார்ஜர், போர்டு என்று ஒரு பையே இருக்கும். ஆர்வத்தை அணைக்காமல் திருப்பிவிடுவதுதான் வேலை. ஒவ்வொரு 'வேண்டாம்'-க்கும் பதிலாக ஒன்றைக் கையில் கொடுங்கள்.

பலகையில் ஹோல்டர், ஸ்விட்ச், பிளக் வைத்து வீட்டு ஒயரிங் மாடல், இது வருடா வருடம் வரும். அதே பலகை, அதே ஸ்விட்ச், ஆனால் டார்ச் பல்பும் 6 வோல்ட்டுக்கு நான்கு செல்லும். சீரீஸ், பேரலல் எல்லாம் அதிலேயே அழகாகத் தெரியும்.

எரியாமல் போன எல்இடி பல்பைத் திறந்து சரிசெய்வது, இது இப்போது எல்லாப் பையன்களும் செய்யும் வேலை, எனக்கு மிகவும் பயமானதும் இதுதான். உள்ளே இருப்பது எல்இடிதானே, சின்ன வோல்ட்தானே என்று நினைக்கிறார்கள். மலிவான பல்புகளில் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, போர்டின் ஒவ்வொரு புள்ளியும் நேரடியாக 230 வோல்ட் லைனோடு சேர்ந்திருக்கும். சீரியல் செட்டும் அதே கதைதான், ஒரு பல்ப் 3 வோல்ட் என்றாலும் அந்த ஒயரைத் தொடுபவருக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது 230. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், கரண்டைச் சேர்த்துவைக்கும் கண்டென்சர் என்ற பாகத்தில் அது தங்கியிருக்கலாம். கொசு பேட்டையும் பழைய கேமரா ஃபிளாஷையும் திறக்கக் கூடாது என்பதற்கும் அதுதான் காரணம், ஃபிளாஷில் 300 வோல்ட் வரை உட்கார்ந்திருக்கும், பேட்டில் அதைவிட அதிகம். மாற்று கேட்டால், தனியாக எல்இடி வாங்கி 9 வோல்ட்டில் புது விளக்கு செய்யச் சொல்லுங்கள்.

தண்ணீரும் 230 வோல்ட்டும் சேரும் எதுவும் வேண்டாம், அது வாட்டர் ஹீட்டரானாலும் நீரூற்று மோட்டாரானாலும். உப்புத் தண்ணீரில் மின்பகுப்பு செய்ய வந்தால் சதுர பேட்டரியிலேயே செய்யலாம், ஆனால் சமையல் உப்பு போட்டால் குளோரின் வாயு வரும், அதனால் சலவை சோடா போடச் சொல்லுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரை வைத்து மரப்பலகையில் மின்னல் கோலம் வரையும் வீடியோவைக் காட்டி யாராவது கேட்டால் ஒரு வார்த்தைகூட விவாதம் வேண்டாம். அது தேர்ந்தவர்களையே கொன்றிருக்கிறது.

சால்டரிங்

எட்டாம் வகுப்புக்கு மேல் போதும். ஒரு மேசைக்கு ஒரு அயர்ன், பக்கத்தில் நீங்கள். முனை 300 டிகிரிக்கு மேல் போகும், அதை வைக்க ஸ்டாண்ட் இல்லையென்றால் வேலையே தொடங்காதீர்கள், கீழே விழும் அயர்னைப் பிடிக்க எல்லோருக்கும் கை தானாகவே போகும். கண்ணாடி, பின்னிய முடி, மூடிய செருப்பு, ஓடும் ஃபேன். ஈயம் கலந்த சால்டர் என்றால் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொடக் கூடாது. சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பேஸ்ட் வேண்டாம், இங்க் வேண்டாம்.

கண்காட்சி நாளும் நம் ஊர் மழையும்

கடற்கரை ஊரில் இருப்பதால் நமக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் உப்புக் காற்றில் பிளக் முனையும் செப்புக் கம்பியும் சீக்கிரமே பச்சை பூத்துவிடும், தொடர்பு சரியில்லாத இடம் சூடாகும், சூடான இடம் கருகும். வருடத் தொடக்கத்தில் ஒரு முறை எல்லா எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பழுப்பேறியது, ஆடுவது, எர்த் பின் உடைந்தது எல்லாவற்றையும் ஒயரை வெட்டிவிட்டுத் தூக்கிப் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்து மறுபடி சொருகுவார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவரே ஈரமாக இருக்கும், அந்த நேரத்தில் கண்காட்சி வைத்தால் மைதானத்தில் பந்தல் போட்டு ஒயர் இழுக்காமல் வகுப்பறைக்குள் வையுங்கள். பிளக் இல்லாத ஒயரின் நுனியைத் துளையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கும் வேலையை யார் செய்தாலும், பந்தல்காரர் செய்தாலும், அங்கேயே நிறுத்துங்கள். பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ் இழுப்பதும் கூடாது. முக்கியமாக, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லேபுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், இருக்கிறதா என்று கேளுங்கள். எம்சிபி, அதாவது கரண்ட் அளவுக்கு மீறினால் விழும் ஸ்விட்ச், இருக்கிறதே என்பார்கள். எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபிதான். அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு முறை அழுத்துங்கள், டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் இருந்தும் பிரயோஜனமில்லை.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது நம் மாவட்டத்தில் மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை இன்றைய பிள்ளைகள் அறிய மாட்டார்கள், ஆனால் 2024-ல் ஃபெஞ்சலைப் பார்த்திருக்கிறார்கள். அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது, 10 மீட்டராவது தள்ளி நின்று மற்றவர்களையும் தடுக்க வேண்டும், தேங்கிய தண்ணீரில் கம்பி கிடந்தால் அந்தத் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. இதையும் இந்தப் பாடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒத்திகை

யாருக்காவது ஷாக் அடித்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று வாயால் சொன்னால் நிற்காது, நடித்துப் பார்க்க வேண்டும். ஒரு பையன் பலகையைப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்கட்டும். முதல் முறை நான்கு பேர் ஓடிப்போய் அவனைப் பிடிப்பார்கள், ஒவ்வொரு வருடமும் அப்படித்தான், பாசத்தில் ஓடுகிறார்கள். அந்த நான்கு பேரையும் அவனோடு சேர்த்து நிற்க வைத்துவிட்டு, இப்போது ஐந்து பேருக்கும் ஷாக் என்று சொல்லுங்கள். அடுத்த முறை ஒருத்தி மெயினை ஆஃப் செய்ய ஓடுவாள். மெயின் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திணறுவாள், உங்களுக்குமே அப்போதுதான் அது பூட்டிய அறைக்குள் இருப்பது தெரியவரும். அன்றே தலைமை ஆசிரியரிடம் பேசி, வகுப்பு நேரத்தில் அந்த அறை திறந்திருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

மெயினை அணைக்க முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையோ பிளாஸ்டிக் நாற்காலியோ கொண்டு, காய்ந்த தரையில் நின்று தள்ளிவிட வேண்டும், வீட்டு லைனுக்கு மட்டும், தெருக்கம்பத்து லைனுக்கு அதுவும் கூடாது. 108-க்கு ஒருவர் போன் செய்ய வேண்டும். மூச்சும் அசைவும் இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர் என்றால் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்த வேண்டும். இதை நீங்களும் ஒரு முறை முறையாகப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்ல மிஸ்' என்று சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஈசிஜி எடுத்துவிட வேண்டும், இதயத்தில் ஏற்பட்ட கோளாறு வெளியே தெரியாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, கரண்டை நிறுத்திவிட்டு மணல். ஒரு வாளி மணல் லேபில் எப்போதும் இருக்கட்டும், அதில் குப்பை போடாமல் பார்த்துக்கொள்ள ஒரு மாணவரை நியமியுங்கள்.

வகுப்பு முடியும்போது கதவருகில் இரண்டு டப்பா வையுங்கள். ஒன்றில் நல்ல செல், இன்னொன்றில் தீர்ந்த செல், இரண்டிலும் முனையில் டேப் ஒட்டித்தான் போட வேண்டும். எத்தனை கொடுத்தீர்களோ அத்தனையும் எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு பிள்ளைகளை அனுப்புங்கள், ஒன்று குறைந்தால் யார் பையில் இருக்கிறது என்று தெரிகிற வரை யாரும் போக வேண்டாம்.